புகை போன கரி

போன ஞாயிற்றுக்கிழமை வேப்ப மரத்தடியில் நம்ம வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போது பாப்பா, நீ உன் பெரியப்பாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாய்.

"ஏன் பெரியப்பா, நீங்க மட்டும் இந்த வண்டியில ஏறவே மாட்டேங்கறீங்க? எங்கள புடிக்கலையா, வண்டிய புடிக்கலையா?"

அவர் சிரித்தார். "வண்டிக்குத்தான் என்னப் புடிக்கல கண்ணு" என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா போட்டு வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. நீயும் தம்பியும் அதை ஒரு தமாஷாக எடுத்துக்கொண்டு பைப்பைத் திருப்பிவிட்டு விளையாடப் போய்விட்டீர்கள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க எதுவும் ஓடவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் பெரியவர்கள் சேர்ந்து மறைத்தோம். மார்கழியில் மறுபடியும் மலைக்குப் போகலாம் என்று நீங்கள் ரெண்டு பேரும் பிடிவாதமாக இருக்கிறீர்கள். அதனால் இனிமேல் மறைக்கக் கூடாது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவன், அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது சகல. பேர மட்டும் போடாத, அப்புறம் யூனியன் எலெக்‌ஷன்ல ஒரு ஓட்டு உழாது" என்றார். அதனால் இதில் யார் பேரும் கிடையாது.

உங்க பெரியப்பா அம்மாவுடைய அக்கா வீட்டுக்காரர், எனக்குச் சகலை. நிலக்கரி மைன்ஸில், கரி ஏற்றிப் போகிற பெல்ட் பராமரிப்பில் பர்மனென்ட். நான் கான்ட்ராக்டில் ஷிப்ட் வேன் ஓட்டுகிறவன். அவர் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறார், நான் வெளியே வடக்குத்துக் கிராமத்தில் இருக்கிறேன். மற்ற வீடுகளில் இந்த பர்மனென்ட், கான்ட்ராக்ட் பேச்சு வந்தாலே சகலைகளுக்குள் முகம் சுருங்கும். அவர் ஒரு நாளும் அப்படி நடந்துகொண்டதில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நீங்கள்தான் அவர்களுக்கும் பிள்ளை.

முதலாளி பழைய வேன் ஒன்றைக் கழித்துக்கட்டியபோது அதை வாங்கலாம் என்று சொன்னவரே அவர்தான். "சீட்டையெல்லாம் கழட்டிப் போடு. பலகை அடிச்சுப் படுக்கற வண்டி ஆக்கிக்கலாம். லாட்ஜ் வாணாம், ஓட்டல் வாணாம். எங்க நெனச்சா அங்க வூடு" என்றார். ஷிப்ட் முடிந்து வந்து குளித்த கையோடு நம்ம வீட்டுக்கு வந்துவிடுவார். கீழே ரெண்டு பலகை, மேலே உங்களுக்குக் குட்டியாக ஒரு பலகை, பின்பக்கம் பாத்திரம் வைக்கத் தட்டு. எல்லாம் அவர் கை வேலை.

வண்டி பழசு, கதவெல்லாம் ஆடும். சந்துக்குச் சந்து காற்று வரும். அதற்கு அவர் ஒரு வழி செய்தார். தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட் ரப்பர் நம்ம ஊரில் எங்கே பார்த்தாலும் கிடக்கும். வாசலில் மிதியடியாகப் போடுவார்கள், ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரையாகப் போடுவார்கள். அவர் அதை விரல் அகலத்துக்கு நறுக்கி, கதவு, ஜன்னல், பின்கதவு எல்லா ஓரத்திலும் வைத்து இறுக்கி ஸ்க்ரூ போட்டார். வேலை முடிந்ததும் என்னை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று பைப்பால் தண்ணீர் அடித்தார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

"எறும்பு வரணும்னாலும் என்னக் கேட்டுகினுதான் வரணும்" என்றார்.

அவ்வளவு சுத்தமான வேலை. கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கக் கூடாதா?

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் குளிர் என்றால் என்னவென்று பார்க்க ஆசை. நம்ம ஊரில் ஏது குளிர்? மார்கழியில் விடிகாலை முதல் ஷிப்டுக்குப் போகிறவன் காதில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வான், ஏழு மணிக்கு அதுவும் தோளுக்கு வந்துவிடும். அதனால் கோத்தகிரிப் பக்கம் போவது என்று முடிவானது. பாப்பா, நீ அப்போது அஞ்சாவது. தம்பி யூகேஜி. வழியெல்லாம் பெரியம்மா ஒரு படத்தின் கதையை முதல் சீனிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் கதை சொன்னால் தியேட்டருக்குப் போக வேண்டாம், வசனம் ஒரு எழுத்து மாறாது. வில்லன் பேசுகிற இடத்தில் பெரியப்பா தொண்டையைக் கரகரவென்று ஆக்கிக்கொண்டு கூடவே பேசுவார். "நீங்க பேசினா வில்லன் கூட நல்லவனாத் தெரியறான், சும்மா வாங்க" என்று அவள் அவர் தொடையில் அடிப்பாள். நாங்கள் சிரித்த சிரிப்பில், ஒரு டோல்கேட்டில் சில்லறை வாங்காமலே வந்துவிட்டேன்.

வண்டியில் ஒரு மூட்டை கரியும் வந்தது. நம்ம ஊர்ப் பழுப்புக் கரிதான். அவருக்குத் தெரிந்த செங்கல் சூளைக்காரரிடம் வாங்கி, வெயிலில் காய வைத்துக் கட்டியிருந்தார். கூடவே, பெயின்ட் டின்னை அறுத்துக் கால் வைத்த ஒரு கணப்புச் சட்டி.

"எதுக்கு மாமா இது? கம்பளி இருக்குதே" என்று அம்மா கேட்டாள்.

"ஊர் ஒலகத்துக்கெல்லாம் நம்ம கரியிலதான் லைட் எரியுது. நம்ம புள்ளைங்க குளுர்ல நடுங்கினா நமக்குத்தான் மானக்கேடு" என்றார்.

கோத்தகிரியைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஒரு டீக்கடைக்கு மேலே நல்ல மேடான இடம். அங்கே வண்டியை நிறுத்தினோம். சாயங்காலம். மழைத் தூறலா பனியா என்று தெரியாத ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் வாயால் புகை விட்டு விட்டுப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் பல் கிட்டிப்போய் எல்லாரும் வண்டிக்குள் ஏறிக்கொண்டீர்கள்.

உங்க பெரியப்பா வெளியே கரியைப் பற்ற வைத்தார். பழுப்புக் கரி லேசில் பிடிக்காது. பிடித்தால் நெடி அடிக்கும், கண் எரியும். அவர் விசிறிக்கொண்டே இருந்தார். புகை குறைந்து, நின்று, சட்டி முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிறவரைக்கும் பொறுமையாக இருந்தார். அவசரப்படவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் அசட்டையான ஆள் இல்லை. சட்டிமேல் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தார். என்னையும் முகரச் சொன்னார். ஒரு வாடையும் இல்லை.

"உள்ள வெச்சாப் புகையாதா மாமா?" என்று அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"புகை இருக்கறவரைக்கும்தாம்மா கரி முட்டற மாடு. புகை போய்டிச்சா, கன்னுக்குட்டி. மடியில தூக்கி வெச்சுக்கலாம்."

நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்களுக்கும் அதுதான் கணக்கு. நம்ம ஊரில் பிறந்தவன் எல்லாம் நெருப்பைப் புகையை வைத்துத்தான் அளக்கிறான். வெயில் காலத்தில் மைன்ஸில் கரி தானாகவே பற்றிக்கொள்ளும். எங்கே புகைகிறதோ அங்கே தண்ணீர் பீய்ச்சுவார்கள், புகை நின்றால் வேலை முடிந்தது. சாம்பல் பறந்து வந்தால் காயப்போட்ட துணியை எடு, புகை வந்தால் ஜன்னலைச் சாத்து, இதுதான் நமக்குத் தெரிந்த பாடம். ஆனால் நம்ம மைன்ஸ் திறந்தவெளி. மேலே முழுசாக வானம். எவ்வளவு எரிந்தாலும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். நம்ம ஊர் டீக்கடை அடுப்பும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. பூட்டின டப்பாவுக்குள் வைத்து நாங்கள் யாரும் கரி எரித்ததே இல்லை. வானம் செய்துகொண்டிருந்த வேலை எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

சட்டியைத் தூக்கி வண்டிக்குள் ரெண்டு பலகைக்கு நடுவில் வைத்துவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். குளிர் வரக் கூடாது என்று ஜன்னலை முழுசாக ஏற்றி, கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டார். நான் சாப்பாடு வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தேன். பரோட்டாவுக்குக் கூட்டம் நின்றது. போட்டுத் தரும்வரை நின்று வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

வண்டிக் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. உள்ளே ஒரு சத்தம் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. கதவைத் தட்டினேன். "சகல, பரோட்டா ஆறுது" என்றேன். பதில் இல்லை. என்னிடம் டிரைவர் கதவின் சாவி இருந்தது. அதைத் திறந்தேன். முகத்தில் இதமாக ஒரு சூடு அடித்தது. புகை இல்லை, நெடி இல்லை. எல்லாரும் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உங்க அம்மாவின் கன்னம் ரோஜாப்பூ மாதிரி இருந்தது. நாள் முழுக்கப் பயணம், பாவம் தூங்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பொட்டலத்தை சீட்டில் வைத்துவிட்டு, குளிர் உள்ளே போகிறதே என்று கதவைச் சாத்தக் கையை நீட்டினேன்.

அப்போது தம்பி வாந்தி எடுத்தான். கண் திறக்காமலே எடுத்தான். பக்கத்தில் படுத்திருந்த பெரியம்மா அசையவில்லை. அம்மா மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் அசைந்தது, கை எழும்பவில்லை. பயந்த பார்வை அது. கதவைச் சாத்தப்போன கை அப்படியே நின்றுவிட்டது.

எப்படி உள்ளே தாவினேன், எப்படித் தாழ்ப்பாளைத் திறந்தேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. பின்கதவையும் திறந்து, உங்கள் ரெண்டு பேரையும் ஈரப் புல்லில் கிடத்தினேன். போட்ட கூச்சலில் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்து அம்மாவையும் பெரியம்மாவையும் இறக்கினார்கள். கணப்புச் சட்டியை யாரோ எட்டி உதைத்தார்கள். அது சரிவில் உருண்டு, சிவப்பாகச் சிதறிக்கொண்டே தேயிலைச் செடிகளுக்குள் போயிற்று. கடைசியாகத்தான் உங்க பெரியப்பாவைத் தூக்கினோம். கதவோரம் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தார். காவலுக்கு உட்கார்ந்தவர் மாதிரி.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்தார்கள். பாப்பா, உனக்கு ஞாபகம் இருப்பது அந்த மாஸ்க்தான். நீ அதை வைத்து யானை மாதிரி விளையாடினாய். கரி எரியும்போது காற்று போதாவிட்டால் ஒரு வாயு வரும், அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை, மூச்சில் ஏறினால் தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கரி செக்கச்செவேல் என்று கனிந்த பிறகும் அது வந்துகொண்டேதான் இருக்குமாம். உங்க பெரியப்பா மாஸ்க்கை விலக்கி விலக்கிக் கேட்டார்.

"புகையே இல்லீங்களே சார்."

"புகை இல்லாமத்தாங்க வரும்."

"இல்ல சார், நான் மோந்து பாத்தேனே. புகையே இல்லீங்க."

டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இவர் அதன் பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். நர்ஸிடம் கேட்டார், என்னிடம் கேட்டார். கடைசியில் கேட்பதையே நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாரும் உயிரோடு ஊர் திரும்பினோம். கேட்டவர்களிடம், வழியில் சாப்பிட்டது ஒத்துக்கவில்லை என்று சொன்னோம். அவருக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று அம்மாதான் முதலில் சொன்னாள், நாங்களும் அப்படியே பிடித்துக்கொண்டோம். உங்களுக்கும் அதுவே கதையாகிவிட்டது. யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவரும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பார், சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். ஊமையாக இருந்து இருந்து, அது அவருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. நம்ம ஊரிலிருந்து இன்னும் எத்தனையோ பேர் கரி மூட்டையோடு மலைக்குப் போவார்கள், அவர்களுக்கும் நாங்கள் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

உயிர் பிழைத்ததோடு முடியவும் இல்லை. ஊர் திரும்பிச் சில வாரம் நன்றாக இருந்த பெரியம்மா திடீரென்று தடுமாற ஆரம்பித்தாள். குக்கரை வைத்துவிட்டு மறந்துபோவாள். ரேஷன் கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பாள். சிலருக்கு அந்த வாயு அப்படிப் பின்னால் வந்து வேலை காட்டுமாம். மருந்தும் பயிற்சியும் கொடுத்து இப்போது பரவாயில்லை, சமைக்கிறாள், தனியாகக் கோயிலுக்குப் போய் வருகிறாள். ஆனால் கதை போய்விட்டது. சொல்லிக்கொண்டே வருவாள், நடுவில் நின்றுவிடுவாள். "எங்க வுட்டேன்?" என்று கேட்பாள். பெரியம்மா நம்மைச் சிரிக்க வைக்க அப்படிச் செய்கிறாள் என்றுதானே நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அவள் கேட்கிறபோதெல்லாம் பெரியப்பா விட்ட இடத்தை எடுத்துக் கொடுப்பார். பாதி நாள் அவருக்கே கதை தெரியாது. கூட உட்கார்ந்து டீவியில் அந்தப் படங்களை மறுபடி மறுபடி பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்.

அன்றைக்குப் பிறகு அவர் இந்த வண்டியில் ஏறவில்லை.

நேற்று காலையில் ட்ரில் மிஷினும் உளியும் எடுத்துக்கொண்டு வந்தார். நீங்கள் ரெண்டு பேரும் டியூஷன் போயிருந்தீர்கள். "மார்கழிக்குப் போறதா கேள்விப்பட்டேன்" என்றார். வெளியே நின்றபடியே, தான் வைத்த ரப்பரைத் தானே பெயர்த்தார். அவர் போட்ட ஸ்க்ரூ, லேசில் வருமா? கை வழுக்கி ரத்தம் வந்தது. "எந்த மடையன்டா இவ்ளோ டைட் வெச்சான்" என்றார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். ஏணி போட்டு மேலே ஏறி, கூரையில் ஓட்டை போட்டு வலை வைத்தார். பின்கதவில் கீழேயும் போட்டார். அந்த வாயு வந்தால் கத்துகிற ஒரு சின்ன மிஷினையும் வாங்கி வந்திருந்தார். உங்கள் தலைமாட்டில் மாட்டச் சொல்லி என் கையில் கொடுத்தார், மாட்டுவதற்குக் கூட உள்ளே வரவில்லை.

நீங்கள் படித்துக்கொள்ளத்தான் இதையும் எழுதுகிறேன். குளிருக்கு நெருப்பு வண்டிக்கு வெளியேதான். கரி, விறகு, கேஸ் அடுப்பு எதுவானாலும் சரி. கனிந்த கரியும் உள்ளே வரக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டும் தூங்கக் கூடாது, அதன் புகைக்குழாயிலும் இதே வாயு உண்டு. ஓட்டை இருக்கிறதே என்று விடாமல் ரெண்டு பக்கமும் ஜன்னலை ரெண்டு விரல் இறக்கி வையுங்கள். குளிர் கீழேயிருந்துதான் ஏறும், அதனால் பலகைமேல் அட்டையும் பாயும் போட்டு அப்புறம் கம்பளி. வெந்நீரை நல்ல பாட்டிலில் ஊற்றி மூடி, துண்டு சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் விடியும்வரை இதம் இருக்கும். காய்ந்த சாக்ஸ், குல்லா. யாருக்காவது தலை வலித்து அசதியாக இருந்தால் தூங்கச் சொல்லாதீர்கள், முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள். இதெல்லாம் எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள். அன்றைக்கு நம்மிடம் கம்பளியும் இருந்தது, வெந்நீர் போடப் பாத்திரமும் இருந்தது.

வேலை முடிகிற நேரத்துக்குப் பெரியம்மா வந்தாள். நேராக வண்டிக்குள் ஏறிப் பழைய பலகையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அந்த வண்டிமேல் எந்தக் கோபமும் இல்லை. "நானும் வருவேன் மலைக்கு. வழியில கதை சொல்றேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். கதாநாயகி கல்யாண மண்டபத்துக்கு வருகிறாள், மாப்பிள்ளை வரவில்லை, எல்லாரும் வாசலைப் பார்க்கிறார்கள். அங்கே நின்றுவிட்டது.

"எங்க வுட்டேன்?"

"மண்டபத்துல வுட்ட. மாப்ள வரல" என்றார் அவர், வெளியே நின்று.

"ஆமா. மாப்ள வரல." அவள் பலகையின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பிறகு எட்டிப் பார்த்துக் கேட்டாள். "நீங்க வராம மலையில யாரு எனக்கு எடுத்துக் குடுப்பா?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாங்க மாமா, காத்துதான் இப்ப நல்லா வருதே" என்றாள் அம்மா. அவருடைய ஒரு கால் படிவரைக்கும் போனது. நான் பார்த்தேன். படியில் வைத்தார். அப்புறம் அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"நீ போய்ட்டு வா. புள்ளைங்களுக்குத் தெரியும் கதை, எடுத்துக் குடுப்பாங்க" என்றார், தலை நிமிராமல்.

"அப்ப நானும் போவல" என்று பெரியம்மா இறங்கிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. பொறுக்கின ஸ்க்ரூக்களை அவர் கையிலிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை வராத கதையை அவர் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

அதனால் மார்கழிக்கு நாம் நாலு பேர்தான். பாப்பா, இனிமேல் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதே. போவதற்கு முதல் நாள் நீயும் தம்பியும் குவார்ட்டர்ஸுக்குப் போய் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், மலையிலிருந்து சாயங்காலம் தவறாமல் போன் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்பார். திறந்து வைத்துவிட்டு, திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

சாமான் வைக்க இடம் வேண்டும், கீழ்ப் பலகையில் ஒன்றைக் கழற்றிவிடலாமா என்று தம்பி கேட்டிருக்கிறான். வேண்டாம். அது பெரியப்பாவும் பெரியம்மாவும் படுக்கிற பலகை. சாமானை என் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.